ஏரியில் யாருக்கு யார் சாப்பாடு: உணவு வலையை நேரில் பார்த்து வரைய ஒரு வழிகாட்டி

நான் கணக்கு டீச்சர். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. எங்கள் பள்ளியில் அறிவியலுக்கு ஆள் இல்லாத வருடம் சுற்றுச்சூழல் மன்றம் என் தலையில் வந்து விழுந்தது. கண்காட்சிக்கு ‘ஏரியில் ஆற்றல் ஓட்டம்’ என்று தலைப்பு. பிள்ளைகளும் நானும் புத்தகத்தைப் பார்த்து அழகாகச் செய்தோம்: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. தெர்மாக்கோலில் ஏரி, பஞ்சில் மேகம். பார்க்க வந்த நடுவர் கேட்டது ஒன்றுதான்: “இது எந்த ஏரிம்மா?” எங்கள் ஊர் ஏரி என்றாள் ஒரு பெண். “அங்கே தவளை வெட்டுக்கிளியைத் தின்றதை யார் பார்த்தீங்க?” ஐந்து பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நான் பஞ்சு மேகத்தைப் பார்த்தேன்.

அடுத்த வருடம் அதே தலைப்பை எடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு ஏரிக்கே போனோம். அதில் ஒரு சனிக்கிழமை வலை பறிபோனது, ஒரு மனு மூன்று வாரம் தவறான மேசையில் கிடந்தது, ஒரு மாதச் சேற்றுக் கணக்கு வீணானது. நீங்கள் ஆசிரியரோ, பெற்றோரோ, கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையோ, இதே வேலை உங்களுக்கும் வந்தால் அவ்வளவு சுற்ற வேண்டாம். நான் பட்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. ஒரு மணி நேரத்தில் சுற்றி வரக்கூடிய ஏரியாகப் பாருங்கள்

எல்லோருக்கும் முதல் ஆசை கிருஷ்ணகிரி அணை, இல்லையென்றால் பாரூர் பெரிய ஏரி. பறவை பார்க்க இரண்டும் நல்ல இடம்தான். ஆனால் முதல் தடவை செய்பவர்களுக்கு அவை கடல் மாதிரி. இந்தக் கரையில் பார்த்ததற்கும் அந்தக் கரையில் நடப்பதற்கும் தொடர்பு பிடிக்க முடியாது. தருமபுரி டவுன்காரர்களுக்கு ராமக்காள் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. மற்றவர்களுக்கு ஊர் ஏரியே போதும்.

நான்கு விஷயம் இருந்தால் அது நல்ல ஏரி. மார்ச் வரை தண்ணீர் நிற்க வேண்டும். ஒரு பக்கமாவது மெல்லச் சரிந்து இறங்கும் ஆழமில்லாத ஓரம் வேண்டும். கரையில் மரம் வேண்டும். மீன் பிடிக்கிறவர் யாராவது இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது ஏன் என்று 7ஆம் படியில் தெரியும்.

இரண்டு இடத்தில் எச்சரிக்கை. ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட தண்ணீரில் பிள்ளைகள் கையை விட வைக்காதீர்கள், கரையிலிருந்து பார்ப்பதோடு சரி. அப்புறம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கம் ராகி விளையும் காலத்தில் யானை வரும். அங்கே விடிகாலையில் ஏரிக்கரைக்குப் போகுமுன் வனத்துறைக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஏரி காட்டு எல்லைக்குள் இருந்தால் அவர்கள் அனுமதி இல்லாமல் போகவே கூடாது.

2. காகிதங்களை முதலில் முடியுங்கள்

ஏரி யாருடையது என்று தெரியாமல் மனு எழுதாதீர்கள். ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எனக்கு இது தெரியாது. ஏரி என்றாலே இவர்கள்தான் என்று நானாக முடிவு செய்து ஓர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துப் போய்க் கேட்டால், “இது எங்க ஏரி இல்லீங்களே மேடம்.” கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. அவரிடமே சர்வே எண்ணையும் வாங்கி மனுவில் எழுதிவிடுங்கள். ஒரே ஊரில் பெரிய ஏரி, சித்தேரி, புது ஏரி என்று மூன்று இருக்கும்போது அந்த எண்தான் குழப்பத்தைத் தீர்க்கும்.

மனுவில் ‘ஆய்வு’ என்று எழுதாமல் ‘மாணவர்கள் பார்வையிடுதல்’ என்று எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கிறது. ஆய்வு என்றால் எல்லோரும் கொஞ்சம் பயப்படுகிறார்கள்.

இதைவிட முக்கியமானவர் மீன் பாசி குத்தகை, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவர். அவரிடம் காகிதம் தேவையில்லை, சொன்னால் போதும். சொல்லவில்லை என்றால் என்ன ஆகும்? நாங்கள் முதல் நாள் கொசுவலைத் துணியில் செய்த கைவலையோடு இறங்கினோம். காவலுக்கு இருந்தவர் ஓடி வந்தார். மீன் குஞ்சு திருட வந்த கூட்டம் என்று நினைத்து வலையை வாங்கிக்கொண்டார். அவர் மேல் தப்பே இல்லை. குஞ்சு விட்டு பத்து நாள்தான் ஆகியிருந்தது. இன்னொன்று, குத்தகை பெரும்பாலும் பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்கில் போகும். பசலி ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஜூனில் நீங்கள் பேசி வைத்த ஆள் ஜூலையில் மாறியிருக்கலாம்.

இதோடு தலைமை ஆசிரியர் கடிதம் ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் ஒப்புதல் கடிதம் ஒன்று. எல்லாவற்றிலும் இரண்டு நகல். கரைக்கு வரும்போது ஒன்று கையில் இருக்கட்டும்.

3. செலவு

தெர்மாக்கோல் வருடத்தில் 2,400 ரூபாய் போனது. ஏரிக்குப் போன வருடத்தில் 1,070 ரூபாய்: வெள்ளை பிளாஸ்டிக் ட்ரே இரண்டு 180, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இரண்டு 300, நகை எடை பார்க்கும் குட்டித் தராசு 350, டீ வடிகட்டி இரண்டு 80, ரப்பர் கையுறை 100, நோட்டு பென்சில் 60. ட்ரே வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். நீல ட்ரேயில் பாதி உயிர் கண்ணுக்கே தெரியாது. பைனாகுலர் வாங்காதீர்கள், யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பறவை பெயர் தெரியாவிட்டால் மெர்லின் என்ற செயலி இலவசம். பேனா வேண்டாம். ஒரு துளி தண்ணீர் பட்டால் அன்றைய குறிப்பெல்லாம் போச்சு.

4. எந்த மாதம், எந்த நேரம்

நான்கு தடவை போங்கள், ஒவ்வொரு தடவையும் இரண்டரை மணி நேரம். ஜூலையில் ஒன்று, மழை ஓய்ந்து தண்ணீர் தெளியும் டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, ஏரி வற்றத் தொடங்கும் மார்ச்சில் ஒன்று. ஏரி கோடி போகிற, அதாவது நிரம்பி வழிகிற வாரத்தில் போகாதீர்கள். வெள்ளத்தில் எல்லாம் கலங்கி, பாதி உயிர்கள் அடித்துக்கொண்டு போயிருக்கும், பாதி ஒளிந்திருக்கும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு நாட்களை முதலிலேயே காலண்டரில் அடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம்.

ஜனவரி பறவைகளுக்கு. வலசை வரும் வாத்துகள் அப்போதுதான் இருக்கும். பொங்கலை ஒட்டி தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுக்கிறார்கள், அந்த நாட்களில் போனால் துணைக்கு ஆளும் கிடைக்கும்.

ஒரு தடவையாவது சூரியன் உதிக்குமுன் கரையில் இருங்கள். தண்ணீர் நல்ல பச்சையாக இருக்கும் ஏரியில், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை அப்போது பார்க்கலாம். பிள்ளைகள் ‘மீன் இரை கேட்குது’ என்பார்கள். அது மூச்சுத் திணறல். பகலில் பாசி ஆக்ஸிஜன் விடுகிறது. ராத்திரியில் அந்தப் பாசியும் சேர்ந்து மூச்சு விடுகிறது, தயாரிக்க ஆளில்லை. விடிகிற நேரத்தில் இருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். ‘ஏரி பச்சையாக இருந்தால் வளமாக இருக்கிறது’ என்று சார்ட்டில் எழுதுமுன் இதை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பாதுகாப்பு: முழங்காலுக்கு மேல் தண்ணீர் கூடாது. மதகுப் பக்கமும், மண் எடுத்த பள்ளங்கள் இருக்கும் பக்கமும் இறங்கவே கூடாது. தண்ணீர் நிரம்பினால் பள்ளம் எது தரை எது என்று தெரியாது. ஊர்க்காரர் ஒருவரை முன்னால் விட்டு, அவர் காட்டிய ஓரத்தில் மட்டும் நில்லுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவ வேண்டும், எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்லை.

5. பச்சையிலிருந்து தொடங்குங்கள்

வெயிலைச் சாப்பாடாக மாற்றுகிறவர்கள் யார் என்பதுதான் முதல் கேள்வி. கண்ணுக்குத் தெரிவது கோரை, சம்பு, அல்லி, தண்ணீருக்குள் வேலம்பாசி. தெரியாதது தாவர மிதவை உயிரிகள், அதாவது தண்ணீரையே பச்சையாக்கும் நுண்பாசி. ஒரு வெள்ளைத் தட்டில் கருப்புக் கட்டம் வரைந்து, கல் கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்குங்கள். தட்டு எந்த ஆழத்தில் மறைகிறது என்று எழுதுங்கள். ஏறக்குறைய அதுபோல் இரண்டு மடங்கு ஆழம் வரைதான் பாசி வேலை செய்யப் போதுமான வெளிச்சம் போகும். அதற்குக் கீழே இருக்கிறவர்கள் எல்லாம் மேலிருந்து விழுவதை நம்பிப் பிழைப்பவர்கள்.

ஆகாயத்தாமரையும் ஓர் உற்பத்தியாளர்தான், அதையும் எழுதுங்கள். ஆனால் அது ஏரியை மூடிவிட்டால் கீழே இருக்கும் பாசிக்கு வெயில் இல்லை. அதைத் தின்ன வருவோரும் குறைவு. ஆக, பச்சை நிறைய, பந்தியில் ஆள் இல்லை. இது அடுத்த படிக்குக் கொண்டுபோகும்.

6. சேற்றை விட்டுவிடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படிதான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

பாடப்புத்தகச் சங்கிலியில் பச்சையை ஒருவர் தின்கிறார், அவரை இன்னொருவர் தின்கிறார். ஆனால் ஏரி மாதிரி ஈரநிலத்தில் கோரையிலும் சம்பிலும் பெரும்பகுதியை உயிரோடு இருக்கும்போது யாரும் தின்பதில்லை. அது காய்ந்து, சாய்ந்து, தண்ணீரில் விழுந்து, செத்த பிறகுதான் பந்தி தொடங்குகிறது. கரையிலிருந்து விழும் புங்கன் இலை, மழையில் அடித்து வரும் சாணம், செத்த மீன், எல்லாம் அந்தக் கணக்கில்தான். முதல் வருடம் நாங்கள் ‘சிதைப்பவர்கள்’ என்று ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி போட்டிருந்தோம். ஏரியில் அது ஓரமே இல்லை, நடுக்கூடம்.

எப்படிப் பார்ப்பது? ஓரத்தில் ஒரு பிடி சேற்றை வடிகட்டியில் அள்ளி, தண்ணீரில் அலசி, வெள்ளை ட்ரேயில் கொட்டுங்கள். இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது, ட்ரேயை ஆட்டக்கூடாது. முதலில் ஒன்றும் இருக்காது, வெறும் சக்கை. அப்புறம் சக்கை நெளியும். சிவப்பு நூல் மாதிரி ஒன்று வளைந்து வளைந்து நீந்தும், அது ரத்தப்புழு, ஒருவகைப் பூச்சியின் இளம்பருவம். ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் பிழைப்பதற்காக நம்மைப்போலவே அதற்கும் ஹீமோகுளோபின் உண்டு. அதுதான் அந்தச் சிவப்பு. பக்கத்தில் மண் நிறத்தில் அசையாமல் ஒன்று கிடந்தது. சுள்ளி என்று நினைத்தோம். ரத்தப்புழு அதன் முன்னால் வந்ததும் முகத்துக்குக் கீழிருந்து ஒரு கை மாதிரி விசுக்கென்று நீண்டு, பிடித்து, மடங்கிவிட்டது. தும்பியின் இளம்பருவம் அது. கீழ் உதட்டையே கையாக வைத்திருக்கிறது. எங்கள் நோட்டில் முதன்முதலாக ‘நேரில் பார்த்தது’ என்று எழுதியது அதுதான்: ரத்தப்புழுவைத் தும்பிக்குஞ்சு தின்றது, காலை 7.40.

ட்ரேயில் ஒரு இலையும் இருந்தது. நரம்பு மட்டும் மிச்சம், நடுவில் எல்லாம் ஓட்டை. இலையை அரிப்பவர்களுக்கு வெறும் இலையில் சத்து அதிகமில்லை. இலைமேல் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அவர்களுக்குச் சத்து. பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொன்னேன்: இலை களி, பூஞ்சை குழம்பு. வெறும் களியை எவ்வளவு தின்ன முடியும்?

இதை அளக்கவும் செய்யலாம். நன்றாகக் காய்ந்த புங்கன் இலையை 10 கிராம் எடை போட்டு வெங்காய வலைப்பையில் கட்டுங்கள். இன்னொரு 10 கிராம் கொசுவலைத் துணிப்பையில். ஒவ்வொன்றிலும் மூன்று பை. தண்ணீருக்குள் ஒரு முளையில் கட்டிவிட்டு 15, 30, 45 நாளில் ஒவ்வொன்றாக எடுங்கள். கொசுவலைக்குள் நுண்ணுயிர்கள் மட்டும் போகும், பூச்சி போகாது. வெங்காயப் பையில் இரண்டும் போகும். இரண்டு பைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் பூச்சிகள் தின்ற பங்கு. எங்களுக்கு 45ஆம் நாள் வெங்காயப் பையில் இருந்தது பாதிக்கும் கீழே போயிருந்தது, கொசுவலைப் பையில் அவ்வளவு குறையவில்லை.

நான் செய்த தவறு: முதல் மாதம் இலையை ஈரத்தோடு எடை போட்டேன். 10 கிராம் இலை 14 கிராம் ஆகியிருந்தது! கணக்கு டீச்சர் வேறு. சேற்றை அலசி, நிழலில் நான்கு நாள் காயவைத்து, அதன் பிறகுதான் தராசில் வைக்க வேண்டும். போடும்போது எப்படிக் காய்ந்திருந்ததோ அப்படியே எடுக்கும்போதும். இன்னொன்று, முளையில் சிவப்புத் துணி கட்டிவிட்டு, அது என்ன என்று ஊரில் நான்கு பேரிடமாவது சொல்லி வையுங்கள். ஏரியில் யாரோ செய்வினை கட்டிவிட்டார்கள் என்று எங்களுடையதில் ஒரு பையை அறுத்தெறிந்துவிட்டார்கள்.

7. மீனின் குடலைக் கேளுங்கள்

எந்த மீன் எதைத் தின்கிறது என்று தண்ணீருக்குள் பார்க்க முடியாது. மீன் பிடிக்கும் நாள் எது என்று குத்தகைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று கரையிலேயே மீன் கழுவிக் கொடுக்கிற அக்கா யாராவது இருப்பார். குடலைத் தூக்கி எறியுமுன் கேட்டு வாங்குங்கள். செலவு இல்லை.

ஒரு ஜிலேபி மீன், 18 செ.மீ. குடலைச் சுருள் பிரித்துத் தரையில் நீட்டினோம். நீண்டுகொண்டே போனது, 1 மீட்டரைத் தாண்டியது. உடலைப்போல் ஆறு மடங்குக்கு மேல். பக்கத்தில் ஒரு விரால். அதன் குடல் அதன் உடல் நீளத்தைக்கூடத் தொடவில்லை. பாசியும் சக்கையும் செரிக்க நேரம் ஆகும், நீளக் குடல் வேண்டும். மாமிசம் சீக்கிரம் செரிக்கும், குட்டைக் குடல் போதும். மாடு, புலி கதைதான். ஒன்பதாம் வகுப்பில் எட்டு வருடமாக விகிதம் நடத்துகிறேன், அன்றைக்கு மாதிரி யாரும் ஆசையாகக் கணக்குப் போட்டதில்லை.

குளத்து மீன்களை மாடி வீடு மாதிரி பிரித்துக்கொள்ளலாம். மேலே கட்லா, பெரும்பாலும் விலங்கு மிதவை உயிரிகளை, அதாவது தண்ணீரில் மிதக்கும் குட்டிக் குட்டி விலங்குகளைத் தின்னும். நடுவில் ரோகு. தரையில் மிர்கால், மட்கிய சக்கை அதன் சாப்பாடு. வெள்ளிக்கெண்டை நுண்பாசியை வடிகட்டித் தின்னும், புல்கெண்டை பெயருக்கேற்றபடி. விராலும் கெளுத்தியும் மற்றவர்களைப் பிடிப்பவை. வலையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வளர்க்கத் தடை உள்ள மீன் அது, எதையும் விட்டுவைக்காது.

8. பறவைகளில் ஏமாறாதீர்கள்

ஏரியில் நிற்கிற பறவை எல்லாம் மீன் தின்னும் என்று எழுதுவதுதான் எல்லோரும் செய்வது. நாமக்கோழி பெரும்பாலும் செடி தின்கிறது, அதாவது முதல்நிலை நுகர்வோர். புள்ளிமூக்கு வாத்தும் ஏறக்குறைய அப்படித்தான். தட்டைவாயன் வாத்து அலகாலேயே தண்ணீரைச் சலித்து மிதவை உயிரிகளை எடுக்கும். நீர்க்காகம், பாம்புத்தாரா, மீன்கொத்தி மீனுக்கு. மடையான் தவளை, மீன், பூச்சி என்று கிடைப்பதற்கு.

நத்தைகுத்தி நாரை கிடைத்தால் அதற்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் அலகு. சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டை உடைக்காமல் சதையை மட்டும் உருவிவிடும். எங்கள் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் காலி ஓடுகள் குவிந்து கிடந்தன. ஒன்றுகூட நொறுங்கவில்லை. அந்த ஓடு ஒன்றைச் சார்ட்டில் ஒட்டியிருக்கிறோம்.

உண்ணிக்கொக்கு ஒரு பொறி. மாட்டோடு சுற்றி வயல் பூச்சியைத் தின்றுவிட்டு, ராத்திரி தூங்க ஏரி மரத்துக்கு வரும். அதன் சாப்பாடு ஏரியில் இல்லை, எச்சம் மட்டும் ஏரிக்கு. ஆகவே அது வெளியிலிருந்து உரம் கொண்டுவரும் ஆள். தும்பி அதற்கு நேர் எதிர்: ஏரியில் தின்று வளர்ந்து, கோரைத் தண்டில் தோலை உரித்துவிட்டு வெளியே பறந்துவிடும். கரையில் பஞ்சுருட்டான் அதைப் பிடிக்கும். ஏரி ஆற்றல் அப்படியே மாந்தோப்புக்குப் போய்விட்டது.

கூட்டையோ முட்டையையோ ஆமையையோ தொடாதீர்கள். 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டம் பள்ளிப் பிள்ளை, பெரியவர் என்று பார்க்காது.

9. வரையும்போது

அம்புக்குறி தின்பவரிலிருந்து போகக்கூடாது. தின்னப்படுபவரிடமிருந்து தின்பவரை நோக்கிப் போக வேண்டும், ஏனென்றால் அது ஆற்றல் போகும் வழி. ‘பாம்பு தவளையைத் தின்கிறது’ என்று வாக்கியமாக நினைப்பதால் பாதிப் பேர் தலைகீழாகப் போடுகிறார்கள்.

நேரில் பார்த்ததற்கு முழுக்கோடு, குடல், எச்சம், ஓடு பார்த்து ஊகித்ததற்குப் புள்ளிக்கோடு, படித்துத் தெரிந்ததற்குப் பென்சில் கோடு. எங்களுக்கு முழுக்கோடு பதினொன்றுதான் வந்தது. அதுவே நிறைய.

தவளையை இரண்டு இடத்தில் போடுங்கள். தலைப்பிரட்டையாக இருக்கும்போது பாசியைச் சுரண்டித் தின்னும், தவளையானதும் பூச்சி. ஒரே உயிர் வயதுக்கு ஏற்ப மாடி மாறுகிறது. சத்தும் ஆற்றலும் ஒரே அம்பில் போகாது என்பதையும் மறக்காதீர்கள். மட்கிய இலையின் சத்து மறுபடி பாசிக்குத் திரும்பும், வண்டலாக வயலுக்கும் போகும். அது வட்டம். ஆற்றல் வெயிலாக வந்து சூடாக வெளியேறிவிடும், திரும்பாது. நாங்கள் சத்துக்குப் பழுப்பு, ஆற்றலுக்குச் சிவப்பு என்று இரண்டு நிறம் வைத்தோம்.

10. பத்து சதவீதக் கணக்கு

ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போகும். மீதி மூச்சில், அசைவில், எச்சத்தில், தின்னாமல் விட்டதில் போய்விடுகிறது. எளிதாகச் சொன்னால் 1,000 பங்கு பாசி, 100 பங்கு விலங்கு மிதவை, 10 பங்கு சின்ன மீன், 1 பங்கு விரால். இந்தக் கணக்கைக் குத்தகைக்காரரிடம் காட்டினேன். “அதான் டீச்சர், நான் விரால் விடறதில்ல. கெண்டைதான் விடறேன்” என்றார். கீழ் மாடியில் சாப்பிடும் மீனை விட்டால் அதே ஏரியில் அதிக மீன். அவர் எந்தப் புத்தகமும் படித்து அதைச் செய்யவில்லை.

மூன்று இடத்தில் கவனம். ஒன்று, பத்து என்பது சராசரி. 5-ம் வரும், 20-ம் வரும், உங்கள் ஏரியில் 10 வந்தது என்று எழுதாதீர்கள், நீங்கள் அளக்கவில்லை. இரண்டு, பறவைக்கு இந்தக் கணக்கு இன்னும் குறைவு. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதற்கே செலவாகிவிடுவதால், செரித்ததில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் சதையாகச் சேரும். மூன்று, ஏரியில் பாசியின் எடையை அந்த நேரத்தில் நிறுத்துப் பார்த்தால் அதைத் தின்பவர்களின் எடையைவிடக் குறைவாகவே இருக்கலாம். பாசியை அடியிலும் தின்பவர்களை மேலேயும் அடுக்கி வரையும் பிரமிடு தலைகீழாகத் தெரியும். பயப்பட வேண்டாம். பாசி ஓரிரு நாளிலேயே இரட்டிப்பாகும், தின்னத் தின்ன வந்துகொண்டே இருக்கும். டீக்கடைப் பெட்டியில் இந்த நிமிடம் நான்கு வடைதான் இருக்கிறது என்பதற்காக அன்றைக்கு நான்கு பேர்தான் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியுமா? எடைப் பிரமிடு தலைகீழாகலாம், ஆற்றல் பிரமிடு ஆகவே ஆகாது. நடுவர்கள் பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

11. கடைசி வாரம்

சார்ட்டுக்கும் அறிக்கைக்கும் இரண்டு வாரம் விடுங்கள். ட்ரேயில் எடுத்த உயிர்களை அன்றன்றைக்கே எடுத்த இடத்தில் விட்டுவிடுங்கள். கண்காட்சிக்குச் சேறு கொண்டுபோக ஆசை வரும், மூடிய டப்பாவில் மூன்று மணி நேரத்தில் நாறிவிடும். நரம்பு இலையும் நத்தை ஓடும் போதும்.

கண்காட்சிக்கு முன் சார்ட்டை ஏரிக்கரையில் விரித்து, அங்கே இருப்பவர்களிடம் காட்டுங்கள். எங்களுடையதை மீன் கழுவும் அக்கா குனிந்து நன்றாகப் பார்த்தார். “எல்லாம் இருக்குது, நாங்க எங்க?” என்றார். பென்சில் எடுத்து, கெண்டையிலிருந்து ஒரு கோடு, விராலிலிருந்து ஒரு கோடு இழுத்து, மேலே ‘மனிதர்’ என்று எழுதினோம். கெண்டைக்குப் போட்டது முழுக்கோடுதான். அன்றைக்கு மதியம் அவர் வைத்த கெண்டைக் குழம்பில் களி தொட்டுச் சாப்பிட்டதை நாங்கள் ஆறு பேரும் நேரில் பார்த்தோம்.